ஏரி எத்தனை அடி?

ஐப்பசி பாதியைத் தாண்டினால் போதும், சென்னையின் மேற்குப் பக்கத்தில் ஒரு கேள்வி தானாகக் கிளம்பிவிடும்: “ஏரி எத்தனை அடி?” எந்த ஏரி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பூந்தமல்லி டீக்கடையிலும் குன்றத்தூர் பேருந்து நிலையத்திலும், ஏரியிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் கோட்டூர்புரம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் அது செம்பரம்பாக்கம்தான். முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மற்ற மாதங்களில் இந்த எண்களைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. குழாயில் தண்ணீர் வந்தால் சரி. மழைக்காலத்தில் மட்டும் 22 என்ற எண் டிவி திரையின் அடியில் ஓடத் தொடங்கியதும் சில வீடுகளில் பேச்சு நின்றுவிடும். மாமியார் துணிமணியைப் பரணில் ஏற்றுவார். மகன் ஃபிரிட்ஜுக்குக் கீழே செங்கல் அடுக்குவான். இன்னும் சில வீடுகளில் ஒருவருக்கு உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், அன்றிரவு தூக்கம் வராது. ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

இந்தக் கட்டுரை அந்த ஒருவரைப் பற்றியது. அவருக்காக உலகின் மனநல மருத்துவர்கள் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பயன்படுத்திக்கொண்டும், தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிற ஒரு விசித்திரமான சிகிச்சையைப் பற்றியது. விசித்திரம் என்று சொல்லக் காரணம் உண்டு. சிகிச்சை அளிப்பவர் உங்கள் முகத்துக்கு முன்னால் இரண்டு விரல்களை இடமும் வலமுமாக ஆட்டுவார். நீங்கள் தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் அதைத் தொடர வேண்டும். அவ்வளவு நேரமும் உங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நொடியை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பெயர் இ.எம்.டி.ஆர்.

அந்த இரவு

2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியிருந்தது. ஏரி, குளம், தரை எல்லாம் ஏற்கெனவே நிறைந்து கிடந்த நேரத்தில் டிசம்பர் 1 வந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். அன்று பகல் முழுக்க ஏரியிலிருந்து வெளியேற்றும் அளவு ஏறிக்கொண்டே போய், இரவில் நொடிக்குச் சுமார் 29,000 கன அடியைத் தொட்டது. அந்த நீர் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் கலந்தது. தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகள் உடைந்தும் வழிந்தும் கொண்டுவந்த வெள்ளமும் அதோடு சேர்ந்து அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று இறங்கியது. பல வீடுகளுக்கு அது இருட்டில் வந்தது. மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. முதலில் வாசற்படி, பிறகு கட்டில், பிறகு மாடிப்படியின் நான்காவது, ஐந்தாவது படி. கழிவுநீர் வாடையோடு ஏறிய தண்ணீரை மொட்டை மாடியில் நின்றபடி டார்ச் வெளிச்சத்தில் அளந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்தப் பருவமழையில் தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தண்ணீர் சில நாளில் வடிந்தது. சேறு அள்ள ஒரு வாரம். மெத்தையும் டிவியும் பள்ளிச் சான்றிதழ்களும் குப்பை லாரியில் ஏறின. நிவாரணம் வந்தது, அரிசி வந்தது, தன்னார்வலர்கள் வந்தார்கள். அந்த ஒத்தாசையைச் சென்னை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது, சொல்லட்டும். அந்த இரவு சிலரது தலைக்குள் வடியாமல் தேங்கியிருக்கும் என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

2020 நவம்பர் 25, நிவர் புயல் கரையைக் கடக்கவிருந்த நாள். நண்பகல் 12 மணிக்குச் செம்பரம்பாக்கத்தின் மதகுகளைத் திறந்தார்கள். முதலில் 1,000 கன அடி, இரவுக்குள் 9,000. ஐந்து வருடம் முன்பு வந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று கரையோர ஊர்களின் பெயர்களை அடுக்கி எச்சரிக்கை வாசிக்கப்பட்டபோது, கேட்டவர்களில் பலருக்கு 2015-தான் மறுபடி வீட்டுக்குள் நுழைந்தது.

பயமா, பாடமா?

இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபரில் கனமழைக்கு ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்களே, நினைவிருக்கிறதா? நாடே பார்த்துச் சிரித்தது. மழை எதிர்பார்த்த அளவு பெய்யவும் இல்லை. ஆனால் அது நோய் இல்லை. பட்டறிந்த ஊர் செய்யும் புத்திசாலித்தனம். ஃபிரிட்ஜுக்குச் செங்கல் வைப்பதும் அப்படித்தான். இவர்களுக்கு எந்த மருத்துவரும் தேவையில்லை.

நோய் என்பது வேறு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழும் ஓசை கேட்டதும், ‘அன்றைக்கு இப்படி ஆனது’ என்று நினைவுக்கு வருவதற்குப் பதிலாக, இப்போதே ஆகிக்கொண்டிருக்கிறது என்று உடம்பு நம்பிவிடுவது. சாக்கடை வாடை அடித்தால் மூச்சு முட்டுவது. ஆற்றுப் பாலத்தைத் தவிர்க்க இரண்டு பஸ் மாறிச் சுற்றிப் போவது. மழையே இல்லாத சித்திரையில்கூட ராத்திரி எழுந்து வாசலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது. சம்பவம் முடிந்து மாதங்களாகியும் இவை நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால் அதற்கு மருத்துவத்தில் பி.டி.எஸ்.டி. என்று பெயர். தமிழில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று எழுதுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 1980-ல்தான் இது தனி நோயாக இடம்பிடித்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வெள்ளத்தில் சிக்கிய எல்லோருக்கும் இது வந்துவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மனிதர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படியான அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள், அவர்களில் பி.டி.எஸ்.டி. வருவது 5.6 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களை நேரமும் உறவும் வேலையும் தூக்கி நிறுத்திவிடுகின்றன. அதனால்தான் பேரிடர் நடந்த உடனே ஓடிப்போய் எல்லோரையும் உட்காரவைத்து ‘நடந்ததை விலாவாரியாகச் சொல்லுங்கள்’ என்று ஒரே அமர்வில் கொட்டச் செய்வதை இப்போது வேண்டாம் என்கிறார்கள். அது பயன் தருவதில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. முதல் மாதத்தில் பதற்றத்துக்கென்று தூக்க மாத்திரை வகைகளை அள்ளிக் கொடுப்பதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. உலர்ந்த இடம், சாப்பாடு, பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற செய்தி, கூட ஒரு மனிதர்: ஆரம்பத்தில் தேவைப்படும் சிகிச்சை இதுதான்.

அப்படியும் தேறாதவர்களிடம்தான் இ.எம்.டி.ஆர். வருகிறது.

பூங்காவில் ஒரு நடை

1987-ல் ஃபிரான்சின் ஷாபிரோ என்ற அமெரிக்கப் பெண், உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், பூங்கா ஒன்றில் நடந்துகொண்டிருந்தார். மனதை அரித்துக்கொண்டிருந்த சில நினைவுகள் திடீரென்று வலு குறைந்துபோனதை உணர்ந்தார். அந்த நேரத்தில் தன் கண்கள் தாமாகவே வேகமாக இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்ததைக் கவனித்ததாக அவரே சொன்னார். இந்தக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கண் தானாக அசைவதை ஒருவர் தன்னளவில் அப்படிக் கண்டுகொள்ள முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்த ஐயம் இருக்கிறது. ஆனால் அவர் கதையோடு நிற்கவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், போருக்குப் போய் வந்தவர்கள் என்று 22 பேரிடம் சோதித்து 1989-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதன்பின் முறையை விரித்து எட்டுக் கட்டங்களாக்கினார். 2019-ல் அவர் இறந்தபோது அது பல நாடுகளில் பரவியிருந்தது.

அறைக்குள் என்ன நடக்கிறது? அனகாபுத்தூரில் வசிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை மனுஷிதான். முதல் சில சந்திப்புகளில் விரல் ஆட்டும் வேலையே கிடையாது. குடும்பம், உடல்நிலை, தூக்கம், மருந்து, தற்கொலை எண்ணம் வந்ததுண்டா என்று விசாரிப்பார்கள். பதற்றம் எகிறினால் தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொள்ளக் கற்றுக்கொடுப்பார்கள். இந்தத் தயாரிப்பு இல்லாமல் பழைய காயத்தைத் திறப்பது ஆபத்து.

பிறகு ஒரு நாள், எந்தக் காட்சி மிகவும் வதைக்கிறது என்று கேட்பார்கள். படிக்கட்டில் கறுப்பாக ஏறும் தண்ணீர். அதைப் பார்க்கும்போது தன்னைப் பற்றி என்ன தோன்றுகிறது? ‘என்னால எதையும் காப்பாத்த முடியாது.’ அதற்குப் பதிலாக என்ன தோன்றினால் நன்றாக இருக்கும்? ‘என்னால முடிஞ்சதை நான் செஞ்சேன்.’ பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இப்போது வேதனை எவ்வளவு? ஒன்பது. உடம்பில் எங்கே? தொண்டையில்.

இப்போது விரல்கள். சிகிச்சையாளர் நேர் எதிரே உட்காராமல் சற்றே பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். அரை நிமிடம்போல இடம், வலம், இடம், வலம். நிறுத்தி, ஒரு மூச்சு விடச் சொல்லி, “இப்ப என்னம்மா வருது?” என்று கேட்பார். “மாமா டார்ச் பிடிச்சிட்டு நின்னாரு…” “சரிம்மா, அதையே நினைச்சுக்குங்க.” மறுபடி விரல். அறிவுரை கிடையாது, விளக்கம் கிடையாது, குறுக்குக் கேள்வியும் அதிகம் கிடையாது. நினைவு எங்கெங்கோ தாவும். அந்த இரவிலிருந்து இறந்துபோன அம்மாவுக்கு, அங்கிருந்து பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுவந்து கொடுத்த பன் பாக்கெட்டுக்கு. அழுகை வரலாம், கை கால் நடுங்கலாம். ஒன்பது ஏழாகும், நான்காகும். சில நாள் இறங்காமலும் போகும். காட்சி அழிவதில்லை. அது அவரைப் பிடித்து உலுக்குவது குறைகிறது. ஒரு சந்திப்பு 60 முதல் 90 நிமிடம். ஒரே ஒரு சம்பவத்தின் பாதிப்பு என்றால் 8 முதல் 12 சந்திப்புகள் என்பது பிரிட்டனின் வழிகாட்டி சொல்லும் கணக்கு. சிறு வயதிலிருந்தே அடியும் வதையும் பட்டவர்களுக்கு இது மிக நீளும்.

விரலுக்கு அதில் என்ன வேலை?

இங்கேதான் சண்டை. சிகிச்சை பலன் தருகிறதா என்ற கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைத்த உளவியல் சிகிச்சைகளில் இதையும் சேர்த்தது. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பும் 2018-ல் பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. போர்முனை அதிர்ச்சிக்கு மட்டும் அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று விலக்கிவைத்தது. ஆனால் பலன் தருவது கண் அசைவா, அல்லது பாதுகாப்பான இடத்தில் ஒரு நிதானமான மனிதர் பக்கத்தில் இருக்க, பயந்த நினைவை விலகி ஓடாமல் எதிர்கொள்வதா? பின்னது ஏற்கெனவே தெரிந்த வித்தைதானே, அதைத்தான் மற்ற சிகிச்சைகளும் செய்கின்றனவே என்கிறார்கள் எதிர்த்தரப்பினர்.

ஹார்வர்டு உளவியலாளர் ரிச்சர்ட் மக்னலி 1999-ல் இ.எம்.டி.ஆரை 18-ம் நூற்றாண்டின் மெஸ்மரிசத்தோடு பொருத்திக் காட்டி ஒரு கட்டுரையே எழுதினார். வேறு இருவர் ‘ஊதாத் தொப்பி’ உதாரணம் சொன்னார்கள். நோயாளிக்கு ஊதா நிறத் தொப்பி மாட்டிவிட்டு வழக்கமான நல்ல சிகிச்சையைக் கொடுத்தால் அவர் குணமாவார். பிறகு ‘தொப்பி சிகிச்சை’ என்று பெயர் வைத்துப் பயிற்சிக் கட்டணம் வாங்கலாம் இல்லையா? 2001-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கண்ணை அசைத்தவர்களுக்கும் அசைக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2013-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வோ கண் அசைவுக்குக் கூடுதல் பலன் உண்டு என்றது. இரண்டு தரப்பும் இன்னும் ஓயவில்லை.

நடுவில் வேறு சில ஆய்வாளர்கள் ஒரு விளக்கத்தைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நாம் ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டிருக்கும்போது மனதில் அதற்கென்று இருக்கும் இடம் மிகக் குறுகியது. அந்த இடத்தில் ஒரு பயங்கரக் காட்சி நிற்கும்போதே, விரலைப் பின்தொடரும் வேலையையும் திணித்தால் இரண்டுக்கும் இடம் போதாது. காட்சியின் கூர்மை மங்குகிறது, அதோடு ஒட்டிய பயமும் குறைகிறது. மங்கிய நிலையிலேயே நினைவு திரும்பச் சேமிக்கப்படுகிறது. இது உண்மையானால் இடம்-வலம் என்ற திசை முக்கியமாக இருக்கக்கூடாது. சோதித்தார்கள். மேலும் கீழுமாகக் கண்ணை அசைத்தாலும் நினைவு மங்கியது. சிக்கலான ஒரு படத்தைப் பார்த்து வரைந்தாலும் மங்கியது. ஆக, ‘இடது மூளையும் வலது மூளையும் கைகோக்கின்றன’ என்று சில விளம்பரங்களில் வரும் விளக்கத்தை ஓரம் கட்டிவிடலாம்.

அதற்காகக் கண்ணுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. 2019-ல் தென்கொரிய ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஓர் எலிப் பரிசோதனையை வெளியிட்டார்கள். ஓசைக்குப் பயப்படப் பழக்கப்பட்ட எலிகளுக்கு, இரு பக்கமும் மாறி மாறி ஒளி காட்டியபடியே அதே ஓசையைக் கேட்க வைத்தபோது பயம் நன்றாக அடங்கியது. கண் அசைவோடு தொடர்புடைய மூளைப் பகுதியிலிருந்து பயத்தை ஆளும் பகுதி வரை செல்லும் பாதையையும் அடையாளம் காட்டினார்கள். எலிக்கு நம்பிக்கை வைத்தியம் பலிக்காது என்பதால் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு.

இதே குடும்பத்தில் பின்னால் பிறந்தவையும் உள்ளன. பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்தவைக்கும் ‘பிரெயின்ஸ்பாட்டிங்’, சில அமர்வுகளிலேயே முடித்துவிடுவதாகச் சொல்லும் ‘ஏ.ஆர்.டி.’ போன்றவை. இ.எம்.டி.ஆருக்கு இருக்கும் அளவு ஆதாரம் இவற்றுக்கு இன்னும் சேரவில்லை.

வாய் திறக்காமலே

நம்மூருக்கு இந்தச் சிகிச்சை பொருந்தும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் விரல் அல்ல. இதில் எல்லாவற்றையும் சொல்லித் தீர வேண்டியதில்லை என்பதுதான். பேச்சு வழி சிகிச்சைகள் பலவற்றில் நடந்ததை மறுபடி மறுபடி விவரிக்க வேண்டும், வீட்டில் எழுதிப் பார்க்க வேண்டும், பதிவு செய்து கேட்க வேண்டும். இரண்டு அறை வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் இருக்கும்போது யார் பதிவு செய்து கேட்பது? இ.எம்.டி.ஆரில் ‘அந்தக் காட்சி’ என்று சொன்னால் போதும். அதற்குள் என்ன இருக்கிறது என்பது நோயாளியோடு. இரவில் தண்ணீர் ஏறும்போது படுக்கையில் கிடந்த மாமனாரைத் தூக்க முடியாமல் போனவருக்கு, அதை வாய்விட்டுச் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி இருக்கும். அவர் சொல்ல மாட்டார். அவரைச் சுற்றியிருப்பவர்களும், “நடந்தது நடந்துபோச்சு, அதையே பேசிட்டிருந்தா ஆச்சா?” என்று வாயை அடைத்துவிடுவார்கள். ஆண்கள் பாடு இன்னும் மோசம். அவர்களின் பயம் கோபமாகவும் குடியாகவும் மாறித்தான் வெளியே தெரிகிறது.

அப்படியானவர்கள் முதலில் மனநல மருத்துவரிடம் வருவதில்லை. நெஞ்சு படபடப்பு என்று போவார்கள், ஈ.சி.ஜி. எடுப்பார்கள், ஒன்றுமில்லை, கேஸ் டிரபிள் என்று சீட்டு வரும். குழந்தை என்றால் ‘பயந்திருக்கு’ என்று பள்ளிவாசலில் மந்திரித்து, கோயிலில் விபூதி போட்டு, கையில் கறுப்புக் கயிறு கட்டுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடும் ஆர்வம் எனக்கு இல்லை. பயத்தை ஒருவர் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறார், குழந்தையைத் தொட்டு ஆறுதல் சொல்கிறார், குடும்பம் சுற்றி நிற்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பகுதி மீனவக் கிராமங்களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் செய்த ஆய்வில் மக்கள் இதைத்தான் சொன்னார்கள்: வெளியிலிருந்து வந்த மனநலச் சேவைகளைவிடத் தங்கள் குடும்பமும் ஊரும் வழிபாடும் தந்த பலத்தையே அவர்கள் பெரிதாக மதித்தார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர், சுனாமி இரண்டிலும் அடிபட்ட தமிழர்களோடு பல்லாண்டுகள் பணிபுரிந்து எழுதியவர். மனவடு தனி மனிதருடையது மட்டுமல்ல, ஒரு சமூகத்தின் நெசவையே அது பிரித்துவிடுகிறது, ஆகவே சடங்கும் ஊர்க்கூடலும் சிகிச்சையின் பகுதி என்பது அவர் நிலைப்பாடு. ஊர் தாங்கிப் பிடிக்கிறவர்களை ஊர் பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் கயிறு கட்டியும் பல மாதம் தூங்காத குழந்தைக்குத்தான் அறையும் விரலும் தேவை.

வண்ணத்துப்பூச்சி

வெள்ளத்துக்கும் இந்தச் சிகிச்சைக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. 1997-ல் பாலின் சூறாவளி மெக்சிகோவின் அகாபுல்கோ நகரை வெள்ளத்திலும் சேற்றிலும் மூழ்கடித்தது. மறு ஆண்டு அங்கே தப்பிப் பிழைத்த குழந்தைகளிடம் வேலை செய்த லூசினா அர்டிகாஸ், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே விரல் ஆட்டிக்கொண்டிருக்க முடியாத நிலையில் ஒரு வழி கண்டார். கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து, வண்ணத்துப்பூச்சி சிறகடிப்பதுபோல் இரு தோள்பக்கமும் மாறி மாறித் தட்டிக்கொள்வது. அதை அடிப்படையாக வைத்து அவரும் இக்னாசியோ ஹரேரோவும் குழுவாகச் செய்யும் முறையை உருவாக்கினார்கள். குழந்தைகள் வதைக்கும் காட்சியைப் படமாக வரைவார்கள், தட்டிக்கொள்வார்கள், மறுபடி வரைவார்கள். பிரிட்டன் இளவரசர் ஹாரி 2021-ல் ஓர் ஆவணத் தொடரில் கேமரா முன் கைகளைக் குறுக்கே வைத்துத் தட்டிக்கொண்டது இதுதான். அகாபுல்கோவின் ஏழைக் குழந்தைகளுக்காகப் பிறந்தது அரண்மனை வரை போயிருக்கிறது. நம் பக்கம் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

வராமலே இல்லை. 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியாவில் இ.எம்.டி.ஆர். பயிற்சி பரவத் தொடங்கியது. மும்பையின் சுஷ்மா மெஹ்ரோத்ரா அதில் முன்னோடி. இலங்கையில் ருவன் ஜயதுங்க என்ற மருத்துவர் போர்முனை வீரர்களிடமும் சுனாமியில் தப்பியவர்களிடமும் இதைக் கையாண்டு எழுதியிருக்கிறார். சென்னையிலும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் தனியார் அறைகளில், ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் வைத்து. ஆற்றோரக் குடியிருப்பில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்தத் தொகை பல நாள் சம்பளம். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஓ.பி. வரிசையில் ஆளுக்குச் சில நிமிடம் கிடைப்பதே பெரிது. அங்கே 90 நிமிட அமர்வுக்கு எங்கே போவது? நம் கரையோரப் பள்ளிகளுக்கு அகாபுல்கோ வழிதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஐப்பசிக்கு முன்பே ஆசிரியர்களையும் நகர்ப்புறச் செவிலியர்களையும் பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் காணப் பழக்கலாம், தேர்ந்தவர்களின் மேற்பார்வையில் குழு அமர்வுகள் நடத்தலாம்.

ஏரி அங்கேயேதான் இருக்கிறது

இ.எம்.டி.ஆர். பாடநூல்கள் பெரும்பாலும் முடிந்துபோன ஆபத்தைப் பற்றிப் பேசுகின்றன. விபத்து நடந்துவிட்டது, போர் முடிந்துவிட்டது, இப்போது நீங்கள் பத்திரம். அடையாற்றங்கரையில் உட்கார்ந்து அப்படிச் சொல்ல முடியுமா? ஏரி அதே இடத்தில் இருக்கிறது. மழை ஒவ்வொரு வருடமும் வருகிறது. மதகுகள் திறக்கத்தான் படும்; திறக்காவிட்டால் இன்னும் ஆபத்து.

இந்தச் சிகிச்சையில் மூன்று முனைகள் உண்டு: பழைய சம்பவம், இன்றைக்கு அதைக் கிளறிவிடும் விஷயங்கள், நாளை அதே சூழல் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்ற ஒத்திகை. வேறிடங்களில் மூன்றாவது முனை ஒரு சம்பிரதாயமாக முடிந்துவிடலாம். செம்பரம்பாக்கத்துக்குக் கீழே வாழ்பவருக்கு அதுதான் உயிர்நாடி. ‘இனி வெள்ளம் வராது’ என்று அவரை நம்பவைத்தால் அது பொய். ‘வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும், நேரத்தோடு வெளியேறிவிடுவேன்’ என்பதுதான் அவர் மனதில் உறைய வேண்டிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சிகிச்சையாளர் தனியாகத் தர முடியாது. எத்தனை மணிக்கு எவ்வளவு திறக்கப் போகிறார்கள், அது எத்தனை மணி நேரத்தில் என் தெருவுக்கு வரும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று அவருக்கு முன்கூட்டியே புரியும் தமிழில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ‘29,000 கன அடி’ என்பது பொறியாளருக்குச் செய்தி. ‘ராத்திரி பத்து மணிக்குள் உங்கள் இடுப்பளவு’ என்பதுதான் அவருக்குச் செய்தி. 2015-ல் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அந்த வெள்ளத்தைப் பற்றி 2018-ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கை அறிக்கை, ஏரி நீர் வெளியேற்றத்தைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகச் சாடியது. அதற்குப் பிறகான வருடங்களில் மதகுகளை முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதும், அறிவிப்புக் கொடுத்துத் திறப்பதும் வழக்கமாகியிருக்கிறது. இதை நீர் மேலாண்மை என்கிறார்கள். மனநலத் துறையினரும் இதில் உரிமை கொண்டாடலாம். அறிவிப்போடு வரும் தண்ணீருக்குப் பயப்படுவதும் அறிவிப்பின்றி வரும் தண்ணீருக்குப் பயப்படுவதும் ஒன்றல்ல.

ஆற்றோரக் குடிசைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் கதை இன்னொரு பக்கம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுபோனார்கள். பழகிய தெருவும் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் போயின. போய்ச் சேர்ந்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான பகுதி, அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. இவர்களின் தூக்கமின்மைக்கு எந்த நினைவின் மேல் விரல் ஆட்டுவது?

போவதற்கு முன்

தேவை இருப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. 2022 முதல் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தற்கொலை எண்ணம் வந்தால் 1986 முதல் சென்னையில் செயல்படும் ‘ஸ்நேகா’ அமைப்பு இருக்கிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் முதலில் நோயைச் சரியாகக் கண்டறியச் சொல்லுங்கள். படபடப்புக்குத் தைராய்டும் காரணமாக இருக்கலாம்.

இ.எம்.டி.ஆர். அளிப்பவரைத் தேடினால், அவர் மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். வார இறுதிப் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கியவர்களும் பலகை மாட்டியிருக்கிறார்கள். வலிப்பு, கண் நோய், நினைவு தப்பும் பழக்கம், கருவுற்றிருப்பது எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். யூடியூபில் புள்ளி ஓடும் வீடியோவைப் பார்த்து நள்ளிரவில் தனியாக முயன்று பார்க்க வேண்டாம். நினைவு திறந்துகொண்ட பிறகு மூடிவைக்க அங்கே ஆள் இல்லை. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நான்கைந்து அமர்வு போயும் அந்தப் பத்து மதிப்பெண் கணக்கு அசையவே இல்லையென்றால் வேறு வழி என்ன என்று அவரிடமே கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சு சிகிச்சைகளும் இதே அளவு பலன் தருகின்றன. முதல் நாளே, ஊர் பேர்கூட விசாரிக்காமல் விரலைத் தூக்குகிறவர், ஒரே அமர்வில் எல்லாம் போய்விடும் என்கிறவர், முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கிறவர் – இந்த மூவரிடமிருந்தும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.